பழைய பொறியும் புதிய குரலும்

கலையிலே கருவிக்குரிய இடம் யாது என்னும் வினா புதியதன்று. ஏட்டுச்சுவடி அச்சுப் புத்தகமானபோது அவ்வினா எழுந்தது. வட்டக்களரியிலே பந்த வெளிச்சத்தில் ஆடப்பட்ட கூத்து, மின்விளக்கு மேடைக்கு வந்தபோதும் அது எழுந்தது. அப்பொழுதெல்லாம் புதிய கருவி வந்து பழையதைத் தள்ளியது; பழையதற்காக வருந்தியோரும் புதியதை வரவேற்றோரும் தத்தம் நியாயங்களை முன்வைத்து வாதிட்டனர். இன்றோ நிலைமை தலைகீழாகியுள்ளது. புதிய கருவிகள் யாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அவற்றை ஒதுக்கிவிட்டுப் பழைய கருவியைத் தேடிச் செல்லும் போக்கொன்று இசையுலகிலே வலுப்பெற்று வருகின்றது.

இன்று மடிக்கணினி ஒன்றிலேயே நூற்றுக்கணக்கான தடங்களில் ஒலியைப் பதியலாம். பிசகிய சுருதியைத் திருத்தலாம். தவறிய தாளத்தை இழுத்துச் சீர்செய்யலாம். ஆயினும் மேலைநாட்டு இசைக்குழுக்கள் பல, 1950 களிலும் 1960 களிலும் வழங்கிய ஒலிநாடாப் பொறிகளையும் வால்வுப் பெருக்கிகளையும் பழைய ஒலிவாங்கிகளையும் தேடி வாங்குகின்றன. அவற்றின் துணைகொண்டு, முந்திய தலைமுறையினர் பாடிய பாடல்களை மீண்டும் பதிவு செய்கின்றன. 2005 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலிருந்த குவாண்டெஜி நாடாத் தொழிற்சாலை மூடப்பட்டபோது, தொழில்முறை ஒலிநாடா அற்றே போய்விடும் என அஞ்சப்பட்டது. அது அற்றுப்போகவில்லை. சில நிறுவனங்கள் இன்றும் அதனை உற்பத்தி செய்கின்றன, வாங்குவோரும் உளர்.

இதனை வெறும் பழம்பொருள் மோகம் என்று ஒதுக்கிவிடலாமா? அன்றேல், இழந்த ஒன்றை மீட்கும் உண்மையான முயற்சி என்று போற்றலாமா? அமெரிக்கர் எந்தப் பொறியிற் பாடினால் யாழ்ப்பாணத்தவர்க்கு என்ன என்று கேட்போரும் இருக்கலாம். பழைய பாடலைப் புதிய குரலிற் பாடுவது எமது மேடைகளிலும் நாளாந்தம் நிகழ்வதாகும். பழைய ஒலியை இழந்த துயரம் எம்மளவு அறிந்தவரும் சிலரே. ஆதலின் இவ்வினா எம்முடையதுமாகும். முதலில் அவர்கள் செய்ததைப் பார்ப்போம்.

இப்போக்கின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, பேர்ணாட் மக்மாகன் நெறிப்படுத்தி 2017 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'தி அமெரிக்கன் எபிக் செஷன்ஸ்' என்னும் திரைப்படம். 1925 ஆம் ஆண்டில் வெஸ்ரேண் எலெக்ரிக் நிறுவனம் அறிமுகப்படுத்திய மின்சார ஒலிப்பதிவு முறைமையை, நிக்கலஸ் பேர்க் என்னும் பொறியியலாளர் உலகின் பல மூலைகளிலிருந்தும் உறுப்புக்களைத் தேடிச் சேர்த்து, ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்து மீள இயங்கச் செய்தார். இக்காலக் கலைஞர்கள் அப்பொறியின் முன்னே நின்று பாடுவதே அப்படம்.

அப்பொறி இயங்கும் விதம் அறியத்தக்கது. அதற்கு முன்னர் பாடகர்கள் பெரிய கூம்பொன்றினுள்ளே உரத்துப் பாட வேண்டியிருந்தது. 1902 ஆம் ஆண்டிற் கல்கத்தாவிலே கௌஹர் ஜான் பாடிய முதல் இசைத்தட்டுக்கள் அவ்வாறு பதியப்பட்டவையே. 1925 இற் கூம்பின் இடத்துக்கு ஒலிவாங்கி வந்தது. மெல்லிய குரலும் பதிவாகத் தொடங்கியது. ஆயின் தட்டினைச் சுழற்றுதற்கு அக்கால மின்மோட்டார்களின் சீரற்ற வேகம் உதவவில்லை. எனவே கிணற்றுத் துலாவின் பாரம்போல ஒரு பாரத்தை மேலே உயர்த்தி, அது புவியீர்ப்பினால் மெல்ல மெல்லக் கீழிறங்கும் விசையினாலே தட்டினைச் சுழற்றினர். பாரம் நிலத்தைத் தொட்டதும் பதிவு முடிந்தது. பாடலுக்குக் கிடைப்பது மூன்று நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட நேரமே.

இதன் விளைவுகள் யாவை? ஒலிவாங்கி ஒன்றே. தனித்தனியே பதிந்து பின்னர் கலப்பதற்கு இடமில்லை. வலிய குரலுடையார் பின்னே நிற்க வேண்டும். மெலிந்த குரலுடையார் முன்னே வரவேண்டும். வாத்தியக்காரர் தம் முறை வரும்போது ஓரடி முன்வந்து, முடிந்ததும் விலக வேண்டும். ஒருவர் பிழைவிட்டால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அழித்துத் திருத்தல் இல்லை. சுருங்கக் கூறின், அப்பொறி கூட்டுழைப்பைக் கட்டாயப்படுத்தியது. இவ்வுண்மையை அப்படம் கண்முன்னே காட்டுகின்றது. புகழ்பெற்ற கலைஞர்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்து, தமக்குரிய இடத்தைத் தேடி, பாரம் இறங்கி முடியுமுன் பாட்டினை முடிக்க முயலும் காட்சிகளிலே நாம் காண்பது இசை உருவாகும் உழைப்பினையே. பழைய பதிவுகளில் நாம் 'உயிர்' என்று எதனைச் சொல்கின்றோமோ, அதன் பெரும்பகுதி இவ்வுழைப்பே என்பது எமது துணிபு. வால்வின் இளஞ்சூடும் நாடாவின் இரைச்சலும் அதன்பின் வருவன.

படத்திலே எம்மை மிகவும் கவர்ந்த பகுதி, நாஸ் என்னும் றப் பாடகர் தோன்றுவதாகும். மெம்பிஸ் ஜக் பான்ட் என்னும் கறுப்பினக் குழுவினர் 1928 இற் பதிந்த பாடலொன்றை அவர் பாடுகின்றார். சாடியின் வாயில் ஊதி இசை எழுப்பிய அந்த ஏழைக் கலைஞர்களின் சொற்களும் இன்றைய றப் பாடகரின் சொற்களும் ஒரே தெருவில் விளைந்தவை என்பது விளக்கவுரை எதுவுமின்றிப் புலனாகின்றது. பழைய பாடலை மீளப் பாடுவதன் நியாயம் இதுவே. நேற்றைய குரலில் இன்றைய குரல் தன் உறவினரை இனங்காண வேண்டும்.

ஆயினும் இப்படத்தை முழுமனத்தோடு பாராட்ட எம்மால் இயலவில்லை. காரணத்தை அறிய வரலாற்றைச் சிறிது நோக்கல் வேண்டும். 1920 களிலே வானொலி பரவத் தொடங்கியதும், வசதி படைத்தோர் இசைத்தட்டு வாங்குவதைக் குறைத்தனர். விற்பனை வீழ்ந்த கொம்பனிகள் புதிய வாடிக்கையாளரைத் தேடின. மின்சாரமே எட்டாத கிராமங்களிலே சாவி கொடுத்து இயக்கும் பாட்டுப்பெட்டிகளை வைத்திருந்த ஏழை மக்களை அவை அப்பொழுதுதான் கண்டன. அம்மக்கள் விரும்புவது அவர்களுடைய பாட்டையே எனக் கண்டதும், பதிவுப் பொறிகளை ஏற்றிக்கொண்டு ஊரூராகச் சென்றன. 1927 ஆம் ஆண்டின் கோடையிலே றால்ப் பியர் ரெனசி மாநிலத்துப் பிறிஸ்ரல் நகரில் இருவாரம் வரை தங்கி நடத்திய பதிவுகள் புகழ்பெற்றவை; காட்டர் குடும்பத்தினரும் ஜிம்மி றொஜர்சும் உலகறிய வந்தது அங்கேதான். பருத்தி பயிரிட்டோர், சுரங்கத்தில் உழைத்தோர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரின் குரல் முதன்முறையாக நிலைபெற்றது. கலையன்பு காரணமாகக் கொம்பனிகள் அவர்களிடம் செல்லவில்லை. இலாபத்துக்காகச் சென்றன. பாடியோர் பலர் சிறுதொகையோடு வீடு திரும்பினர்.

மிசிசிப்பி ஜோன் ஹேட்டின் கதை இதற்குச் சான்றாகும். 1928 இல் ஓக்கே நிறுவனத்துக்காகச் சில பாடல்களைப் பதிந்த அவர், மீண்டும் தம் ஊராகிய அவலோனுக்குச் சென்று வயலிலே உழைத்தார். முப்பத்தைந்து ஆண்டுகளின் பின், 1963 இல், அவர் பாடல் ஒன்றில் வந்த ஊர்ப்பெயரைத் துணையாகக் கொண்டு இசையார்வலர் அவரைத் தேடிச் சென்று கண்டனர். மூன்று ஆண்டுகள் புகழோடு வாழ்ந்து 1966 இல் அவர் மறைந்தார். இடையிலே கழிந்த முப்பத்தைந்து ஆண்டுகளை எந்தப் பொறியாலும் அவருக்கு மீட்டுக் கொடுக்க முடியவில்லை.

'அமெரிக்கன் எபிக்' தொடரின் ஏனைய பகுதிகள் இவ்வரலாற்றை நேர்மையுடனேயே சொல்கின்றன. குறை இறுதிப் பகுதியாகிய 'செஷன்ஸ்' படத்தின் அமைப்பிலே உள்ளது. 1920 களிலே பொறி அறியப்படாத மனிதரைத் தேடிச் சென்றது. இப்படத்திலோ பெரும்பாலும் புகழ்பெற்ற மனிதர் பொறியைத் தேடி வருகின்றனர். பயணத்தின் திசை மாறியதும் பொருளும் மாறிவிடுகின்றது. அன்று பொறி ஒரு வாயில். அதனூடாக மக்கள் உள்ளே வந்தனர். இன்று அது ஒரு சந்நிதி. அதன்முன் கலைஞர் வணங்கி நிற்கின்றனர். வோல்டர் பெஞ்சமின் 1936 இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற கட்டுரையிலே, பொறிவழிப் பிரதியாக்கம் கலைப்படைப்பைச் சூழ்ந்திருந்த தெய்வீக ஒளிவட்டத்தைக் கலைக்கின்றது என்றும், அதனாற் கலை மக்களை நெருங்குகின்றது என்றும் எழுதினார். ஒளிவட்டத்தைக் கலைத்த அப்பொறியே தொண்ணூறாண்டு கழிவதற்குள் ஒளிவட்டம் சூட்டப்பட்டு மூலஸ்தானத்தில் இருத்தப்பட்டுள்ளமை விந்தையே.

இன்னொரு முயற்சியும் கவனத்துக்குரியது. நீல் யங் 2014 இல் வெளியிட்ட 'ஏ லெற்றர் ஹோம்' என்னும் இசைத்தொகுதி, ஜாக் வைற் என்னும் இசைக்கலைஞர் நாஷ்விலில் நடத்தும் நிறுவனத்திலே, 1947 ஆம் ஆண்டின் ஒலிப்பதிவுச் சாவடி ஒன்றினுள் பதியப்பட்டது. இத்தகைய சாவடிகள் ஒருகாலத்திலே பொழுதுபோக்கிடங்களில் வைக்கப்பட்டிருந்தவை. சில்லறைக் காசைப் போட்டு உள்ளே நின்று பேசினாலோ பாடினாலோ சிறு தட்டொன்று வெளிவரும். அதனைத் தபாலில் அனுப்பலாம். போர்வீரரும் தொழிலாளரும் தூரத்து உறவினர்க்குத் தம் குரலை இவ்வாறு அனுப்பினர். நீல் யங் அதனுள் நின்று தம் இளமைக் காலத்துப் பாடல்களைப் பாடுகின்றார். பதிவெங்கும் கீறலும் இரைச்சலும் நிறைந்துள்ளன. ஆயினும் தொகுதியின் தொடக்கத்திலே மறைந்த தம் தாய்க்கு அவர் குரற்கடிதம் ஒன்று அனுப்புகின்றார். அவ்விடத்திலே கருவியும் உள்ளடக்கமும் ஒன்றுபடுகின்றன. கடிதம் அனுப்பும் கருவி கடிதம் அனுப்பவே பயன்படுகின்றது. ஏனைய இடங்களில் இரைச்சல் அழகுக்காக அணியும் நகையாகிவிடுகின்றது. சில்லறைக் காசுக்குக் குரல் பதிந்த ஏழையின் கருவியிலிருந்து விலைமிகு பெட்டித் தொகுதியும் பிறந்தது என்பதனையும் சொல்லாமல் விடல் ஆகாது.

இம்முயற்சிகளுள் எமது உளமார்ந்த பாராட்டுக்குரியவர்கள் ஷரோன் ஜோன்சும் அவரோடு இசைத்த டாப் கிங்ஸ் குழுவினருமே. ஷரோன் ஜோன்ஸ் (1956–2016) நியூ யோர்க்கின் றைக்கர்ஸ் தீவுச் சிறையிலே காவலராகவும், பணம் கொண்டுசெல்லும் வண்டியின் காவலராகவும் உழைத்த கறுப்பினப் பெண். அவருடைய நிறமும் வயதும் உருவமும் சந்தைக்கு ஏற்றவையல்ல என்று இசை வணிகம் அவரைத் தள்ளிவைத்தது. நாற்பது வயதளவிலேயே அவர் குரல் தட்டில் ஏறியது. டாப்ரோன் என்னும் சிறு நிறுவனம் புறூக்ளினிலே சிதைந்திருந்த வீடொன்றை ஒலிப்பதிவுக் கூடமாக்கியபோது இசைக்கலைஞரே கைகொடுத்து அதனைக் கட்டினர். அங்கே பழைய நாடாப் பொறி வேலைக் கருவியாக இயங்கியது. முழுக்குழுவும் ஓர் அறையில் ஒருங்கே நின்று இசைத்தது. வூடி கத்ரி 1940 இல் எழுதிய, நாடு அனைவர்க்கும் உரியது என்னும் கருத்தமைந்த பாடலை ஷரோன் ஜோன்ஸ் அங்கு பாடிய பதிவு 2005 இல் வெளிவந்தது. தனியுடைமையை வினாவும் அடிகள் நீக்கப்பட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் தேசபக்திப் பாட்டாகச் சுருங்கிவிட்ட ஒன்றை, தெருவின் தாளத்தோடும் உழைப்பாளியின் கோபத்தோடும் அவர் மீட்டார். அடுத்த ஆண்டே, எமி வைன்ஹவுசின் உலகப் புகழ்பெற்ற தொகுதியிலே அதே குழுவினர் இசைத்தனர். பெருவணிகம் அவ்வொலியின் விலையைக் கண்டுகொண்டது.

கண்டுகொண்டதன் விளைவு இன்று எங்கும் தெரிகின்றது. பழைய நாடாவின் இரைச்சலையும் நடுக்கத்தையும் தட்டின் கீறலையும் செயற்கையாக உண்டாக்கும் கணினி மென்பொருள்கள் விற்பனைக்கு உள்ளன. கூடியிருந்து இசைக்கும் உழைப்பைக் கழித்துவிட்டு, அவ்வுழைப்பின் தழும்பை மாத்திரம் விலைக்குக் கொடுக்கின்றனர். பொருளின் பின்னேயுள்ள மனித உறவு மறைந்து, பொருளுக்கே மந்திரசக்தி இருப்பதாகத் தோன்றும் நிலையை மார்க்ஸ் அன்றே விளக்கினார். கீறல் விற்பனைப் பண்டமாவது அதன் அண்மைக்கால வடிவம்.

இனி எமது மண்ணுக்கு வருவோம். கொழும்பில் 1925 ஆம் ஆண்டிலே தொடங்கி, 1949 இல் இலங்கை வானொலி எனப் பெயர்பெற்று, 1967 இற் கூட்டுத்தாபனமாகிய ஒலிபரப்பு நிலையமே ஈழத்துத் தமிழ் மெல்லிசையின் பிரதான ஒலிப்பதிவுக் கூடமாக விளங்கியது. ஆர். முத்துசாமி, எம்.கே. றொக்சாமி போன்ற இசையமைப்பாளர்கள் சிங்கள இசைக்கும் தமிழிசைக்கும் ஒருங்கே உழைத்தனர். எஸ்.கே. பரராஜசிங்கம், எம்.ஏ. குலசீலநாதன், கலாவதி சின்னசாமி, முத்தழகு ஆகியோரின் குரல்கள் தென்னிந்தியத் திரைப்பாட்டின் நிழலிலிருந்து விலகி நிற்க முயன்றன. மறுபுறம், உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினமும், ஏ.ஈ. மனோகரனும் கிற்றாரும் பைலாத் தாளமும் கொண்டு பொப்பிசையைத் தமிழில் வேரூன்றச் செய்தனர். கள்ளுக்கடையும் சம்பந்தம் பேசலும் பொப்பிசையின் பொருளாயின. மேல்தட்டுச் சங்கீத ரசிகர் முகம் சுளித்தனர், ஊர் பாடியது.

இப்பாடல்கள் இன்றும் பாடப்படுகின்றன. கோயில் திருவிழாக்களிலும் திருமண மண்டபங்களிலும், இலண்டன், ரொறன்ரோ மேடைகளிலும் இசைக்குழுக்கள் அவற்றைப் பாடுகின்றன. ஆயின் எவ்வாறு? பெரும்பாலும் விசைப்பலகை ஒன்றும் மின்தாளத் தட்டு ஒன்றும் முழுக்குழுவின் இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன. எமது பாடசாலை விழாக்களில் அதுவும் இல்லை. குரல் நீக்கிய இசைப்பதிவொன்றைக் கைத்தொலைபேசியில் இறக்கி, ஒலிபெருக்கியில் முழக்கி, பிள்ளை அதன்மேற் பாடுகின்றது. பதிவு பிள்ளைக்காகக் காத்திராது. பிள்ளையே பதிவின் பின்னால் ஓட வேண்டும். பிள்ளைக்குப் பக்கத்திலே வாசிப்பவர் எவருமில்லை. பாட்டு முடிந்ததும் எவர் முகத்தைப் பார்ப்பதென்று அறியாமல் அது நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம்.

கருவியின்றி வாடிய காலமும் எமக்கு உண்டு. 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் அற்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாயிற்று. மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்திலே செய்தி கேட்டனர், பாட்டும் கேட்டனர். ஒருவர் சுழற்றப் பலர் சுற்றியிருந்து கேட்டனர். அமெரிக்காவிலே பாரம் இறங்கும் விசையில் இசைத்தட்டு சுழல்வதை நாம் திரையில் வியந்து பார்க்கின்றோம். இங்கே மனிதக் கைகளின் விசையிலே நாடா சுழன்றது. அங்கே அது தேர்ந்துகொண்ட எளிமை. இங்கே அது திணிக்கப்பட்ட வறுமை. இரண்டையும் ஒன்றெனக் கூறி, எமது துன்பத்தையும் ஓர் அழகாக்க நாம் உடன்படோம்.

ஆயினும் அத்துன்பம் விட்டுச்சென்ற ஒலி எம்மிடம் உண்டு. எமது மாணவர் ஒருவரின் வீட்டிலே பழைய கசெற்றுக்கள் சில கிடைத்தன. பூஞ்சணம் பிடித்தவை போக எஞ்சிய ஒன்றிலே, மாணவரின் பேரனார் காத்தவராயன் கூத்துப் பாட்டுக்களைப் பாடியிருந்தார். 1990 களின் தொடக்கத்தில் முற்றத்திலே பதியப்பட்டது. காகம் கரைவது கேட்டது; டைனமோவின் ரீங்காரமும் கேட்டது. பாட்டின் நடுவே ஓரிடத்திற் குரல் சிறிது சிறிதாக உயர்ந்து, பின்னர் தன் நிலைக்குத் திரும்பியது. கம்பீரமான ஒரு சஞ்சாரம் என்றே நாம் எண்ணினோம். அருகிருந்து கேட்ட பேத்தியார் சிரித்தார். "அதிலை எனக்குக் கை உளைஞ்சு போச்சு, பிள்ளை" என்றார். பதிவின்போது சுழற்சி தளர நாடா மெதுவாக ஓடியது; அதனை இன்று சீரான மின்சாரத்தில் ஓடவிடும்போது அவ்விடத்திலே குரல் உயர்கின்றது. அவருடைய கையின் களைப்பு கணவரின் பாட்டிலே சுருதியாகப் பதிந்து கிடக்கின்றது. இன்று மென்பொருள் விலைக்கு விற்கும் நாடா நடுக்கம் இதுவே. ஆயின் விற்கப்படும் நடுக்கத்தின் பின்னே எவருடைய கையும் இல்லை.

இத்தகைய ஒலிகளை எவ்வளவு இழந்தோம்! 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை உலகறியும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது வீடுவீடாகக் கைவிடப்பட்ட நாடாக்களுக்கு ஒரு கணக்கும் இல்லை. நடிகமணி வி.வி. வைரமுத்து (1924–1989) ஆயிரக்கணக்கான தடவை மேடையேற்றிய மயான காண்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு விதமாக ஒலித்திருக்கக்கூடிய அக்குரலில் எமக்கு எஞ்சியது எத்துணைச் சிறியது! பறையும் கூத்தும் ஒப்பாரியும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களின் வசமே இருந்தன. அவர்களைத் தேடிப் பொறியை ஏற்றிக்கொண்டு இலாபத்துக்காகவேனும் ஒரு கொம்பனி ஊரூராக வரவில்லை. சங்கீதம் என மதிக்கப்பட்டது பதிவாயிற்று. மதிக்கப்படாதது காற்றிற் கலந்தது. இழப்பு போரினால் மாத்திரம் நேர்ந்ததன்று. போருக்கு முன்னரே சாதி அதனைத் தொடங்கி வைத்திருந்தது.

எனவே பழைய பாடலை எவ்வாறு புதுப்பிப்பது என்பதில் இருவகைத் தவறுகளுக்கு நாம் இடங்கொடுத்தல் ஆகாது. பழைய கருவியாற் பதிந்தாலே பாட்டு உயிர்பெறும் என்பது ஒன்று. கருவி எதுவாயின் என்ன, பாட்டு ஒலித்தாற் போதும் என்பது மற்றது. முன்னது கருவியை வழிபடுகின்றது. பின்னது கருவியின் பின்னேயுள்ள மனித உறவைக் கவனியாது விடுகின்றது. இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட வழியொன்றை எமது முன்னோடிகள் கூத்திலே காட்டியுள்ளனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) முதலியவற்றை மேடையேற்றியபோது, விடியவிடிய ஆடிய கூத்தைக் கற்றோரின் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். அது பெரும்பணி. ஆயினும் அடுத்த அடி, சி. மௌனகுருவின் 'சங்காரம்' (1969) ஆடப்பட்டபோதே வைக்கப்பட்டது. பழைய ஆட்டம் வர்க்கப் போராட்டத்தைச் சொல்லியது. மாவிட்டபுரத்து ஆலயப் பிரவேசப் போராட்ட (1968) காலத்தையொட்டி, என்.கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' காத்தவராயன் கூத்து மரபிலே மேடையேறியபோது, பழைய மெட்டு அடைத்திருந்த கதவைத் தட்டியது. பழைமை அங்கே காட்சிக்காக எடுத்துவரப்படவில்லை. தேவை அதனை அழைத்தது.

இந்த அளவுகோலையே ஒலிப்பதிவுக்கும் நாம் பயன்படுத்தல் வேண்டும். ஷரோன் ஜோன்சின் பழைய நாடாப் பொறியை அவருடைய வாழ்வும் பாட்டும் அழைத்தன. நீல் யங்கின் சாவடியைத் தாய்க்கான கடிதம் அழைத்தது. ஏனையவற்றை அழைத்தது பெரும்பாலும் ஆசை. எமக்கு இன்று தேவைப்படுவது 1925 ஆம் ஆண்டின் பொறியன்று. அதனை வாங்கவும் எம்மால் இயலாது; இயலாமை குறித்து வருந்தவும் வேண்டியதில்லை. அப்பொறி கட்டாயப்படுத்திய ஒழுக்கமே எமக்கு வேண்டியது. அதற்கு ஒலிவாங்கி ஒன்று போதும்.

நாம் இதனை வகுப்பறையிலே சோதித்துப் பார்த்தோம். ஈழத்து மெல்லிசைப் பாடலொன்றைத் தெரிந்து, இறக்கிய இசைப்பதிவை விலக்கி, ஆர்மோனியம், மிருதங்கம், கிற்றார் ஆகிய மூன்றோடும் ஆறு பிள்ளைகளைப் பாடச் செய்தோம். கைத்தொலைபேசி ஒன்றை நடுவே கதிரையில் வைத்தோம். முதற்பதிவிலே மிருதங்கம் மாத்திரமே கேட்டது. அதனைக் கதவோரம் அனுப்பினோம். இரண்டாவதிலே உரத்த குரலுடைய ஒருவனே பாடலாயினான். அவன் தானாகவே பின்னே சென்றான். வகுப்பிலே வாய் திறவாத பிள்ளையொன்று மெல்லிய குரலோடு கதிரைக்கு மிக அருகில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. வேறு வழியில்லை, அக்குரலின்றி மேற்சுருதி நிறைவுறவில்லை. ஏழாவது முறையே பாட்டுத் தேறியது. பதிவிலே பிழைகள் உள்ளன. ஆயின் பாட்டு முடிந்த கணத்திலே எவர் முகத்தைப் பார்ப்பதென்று அறியாமல் எந்தப் பிள்ளையும் நிற்கவில்லை.

இதனினும் பெரிய கடமை ஒன்றுண்டு. நூலக நிறுவனம் எம்மவரின் எழுத்தாவணங்களோடு ஒலி ஆவணங்களையும் திரட்டிவருகின்றது. அத்தகைய முயற்சிக்கு ஆசிரியரும் மாணவரும் துணைநிற்றல் வேண்டும். அண்ணாவிமாரும் ஒப்பாரி பாடும் மூதாட்டியரும் பறை முழக்கும் கலைஞரும் இன்னும் எம் அயலிலே வாழ்கின்றனர். அவர்களை மண்டபத்துக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதற்கு முன், அவர்களது முற்றத்துக்கு நாம் செல்ல வேண்டும். கொம்பனிகள் இலாபத்துக்காகச் செய்ததை நாம் மக்களுக்காகச் செய்தல் வேண்டும். பாடுவோரின் பெயரும் ஊரும் அவர்கள் விரும்பியவாறு பதியப்படல் வேண்டும். பதிவின் பிரதி முதலில் அவர்கள் கையிற் சேர்தல் வேண்டும். அதன் பின்னர் எமது இளைஞர் அப்பாடல்களைத் தமக்கு வேண்டிய எந்தக் கருவியிலும் பாடட்டும். எந்த மெட்டிலும் மாற்றட்டும்.

பேத்தியாரின் கசெற்றை இப்பொழுது கணினியில் ஏற்றியுள்ளோம். குரல் உயரும் அந்த இடத்தை மென்பொருளாற் சீர்செய்யலாம் என ஒரு மாணவர் சொன்னார். வேண்டாம் என்று வகுப்பே ஒருமனதாகத் தீர்மானித்தது.